நூலகர் கொடுத்த துப்பறியும் நாவல்

மாரண்டஹள்ளி நூலகத்தில் நூலகராக இருந்த பெண் என்னைவிட இளையவர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடுவார். முதல் பக்கத்தை வாசிக்காமல் எந்தப் புத்தகத்துக்கும் தேதி முத்திரை குத்தமாட்டார். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் அவருக்குக் கவலையில்லை.

மகளை நான் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறேன். ஒன்பது வயதாகியும், வாசிக்கத் தெரிந்தும், அவளாக ஒரு புத்தகத்தைத் தொட்டதில்லை. "பள்ளிக்கூடம் போயிருந்தா..." என்று மாமியார் ஆரம்பித்தாலே நான் நூலகத்துக்குக் கிளம்பிவிடுவேன். பிள்ளைகளுக்கு வாசிப்பை எப்படிப் பழக்குவது என்று சொல்லும் நூல்களாகவே தேடித் தேடி எடுத்தேன்.

ஒருநாள் அவற்றைப் புரட்டிவிட்டு நூலகர் கேட்டார்: "அக்கா, எல்லாமே பாப்பாவுக்காகத்தான் படிக்கறீங்க. உங்களுக்குன்னு ஒண்ணு வேண்டாங்களா?"

அட்டை கிழிந்த துப்பறியும் நாவல் ஒன்றை மேலே வைத்தார். "கோயில் நகையைத் திருடுனது யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

அன்று மாலை பருப்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் படித்தேன். "அப்படி என்னம்மா இருக்குது அதுல?" என்று மகள் எட்டிப் பார்த்தாள். மறுநாள் புத்தகத்தைக் காணோம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் படுத்து அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

மகளோடு திருப்பிக் கொடுக்கப் போனபோது, "திருடனைக் கண்டுபுடிச்சீங்களாக்கா?" என்றார் நூலகர்.

நான் வாய் திறப்பதற்குள், "எனக்குப் பாதியிலயே தெரிஞ்சிடுச்சு!" என்றாள் மகள்.

"பாதியிலயேவா? எப்படி பாப்பா?" என்று அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இருவரும் பேசி முடிக்கும்வரை நான் நின்றேன். அத்தனை சந்தோஷமாக நான் எந்த வரிசையிலும் நின்றதில்லை.