எதிர்க்கட்சிக்கு வாங்கிய கத்தி

ஸ்டோர் அக்கா ஒரு பொருளைச் சோதிக்காமல் வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. குடை வாங்கப் போனால் கடையிலேயே இருபது முறை விரித்து மடக்குவாள். "அக்கா, மழை வர்றதுக்குள்ள நீங்களே கிழிச்சிருவீங்க போலிருக்கே" என்று கடைக்காரர் புலம்புவார். அதைக் காதில் வாங்காமல் இருபத்தோராவது முறையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பாள். வாழ்க்கையில் மாப்பிள்ளையை மட்டும்தான் சோதிக்காமல் எடுத்துவிட்டாள், அந்தக் கோபத்தை மற்ற சாமான்கள் மேல் காட்டுகிறாள் என்று அவள் தங்கை சொல்வாள். அதற்கு அக்காவின் வீட்டுக்காரரும் சேர்ந்தே சிரிப்பார்.

வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் இன்டர்நெட் ஒயர் இழுத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத நீள அறை ஒன்றுதான் ஸ்டோர். சுவரோரம் கறுப்பு ஒயர்ச் சுருள்கள், தகர ரேக்கில் கிளிப் டப்பாக்கள், மூலையில் ஏணிகள். வாசலை அடைத்தாற்போல் அவள் மேஜை. அதன் மேல் வருகைப் பதிவேடு, வலது பக்கம் நூலில் கட்டிய பேனா. காலை எட்டரைக்கு லைன் ஆட்கள் பதினொரு பேரும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாமான் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள்.

அவர்களில் ஒருவன் எதிர்க்கட்சி. அரசியலெல்லாம் ஒன்றும் கிடையாது. எல்லோரும் வலது கையை நீட்டும் இடத்தில் அவன் இடது கையை நீட்டுவான், அவ்வளவுதான். அவன் முறை வரும்போது ஸ்டோர் அக்கா பதிவேட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, பேனாவை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் போடுவாள். ஒன்பது வருடமாக இப்படித்தான். அவள் பாட்டுக்கு யாரிடமோ பேசிக்கொண்டிருப்பாள். கை அதன் வேலையைச் செய்துவிடும்.

போன மழைக்காலத்தில் கத்திப் பிரச்சினை வந்தது. லைன் வேலையில் கத்தி இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஒயரின் மேல்தோலை உரிக்க வேண்டும், பிளாஸ்டிக் பட்டியை அறுக்க வேண்டும், அட்டைப்பெட்டியைத் திறக்க வேண்டும். அவரவர் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கத்தி துருப்பிடித்து மடங்க மாட்டேன் என்றது. இன்னொருவனுடையது முனை உடைந்து தெறித்தது.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி, பாக்கெட்ல வைக்கிற கத்தியா பாத்து எடுங்கம்மா. அஞ்சு வருஷம் தாங்கணும்" என்றார் மேனேஜர். "நீங்க எடுத்தா அதுல பேச்சே இருக்காது."

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்கு வெல்லம் மாதிரி இருந்தது. ஹார்டுவேர் கடையிலிருந்து மாதிரிக்கு மூன்று கத்தி வாங்கி வந்தாள். முதலாவது பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஆனால் விரித்தால் அலகு நிலையாக நிற்கப் பூட்டு கிடையாது. இரண்டாவதில் பிளேடை மாற்றிக்கொள்ளலாம்; அட்டைக்குச் சரி, தடி ஒயரில் வைத்து அழுத்தினால் பிளேடு வளைந்தது. மூன்றாவதுதான் மனதுக்குப் பிடித்தது. துருப்பிடிக்காத அலகு, வழுக்காத சொரசொரப்பான பிடி. அலகை விரித்ததும் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு 'டிக்' என்று வந்து முட்டுக்கொடுக்கும். மடக்க வேண்டுமானால் கட்டைவிரலால் அந்தத் தகட்டை ஓரமாகத் தள்ள வேண்டும்.

ஒன்பது நாள் அந்தக் கத்தியைப் பாடாய்ப்படுத்தினாள். உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டாள். ஏணியின் நாலாவது படியில் நின்று சிமெண்ட் தரையில் பத்து முறை போட்டாள். நூறு துண்டு ஒயர் வெட்டினாள். கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு வெட்டினாள், சோப்பு நுரையோடு வெட்டினாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். கத்தி ஜெயித்துவிட்டது. பதினொன்று வாங்கினாள்.

பழையதைக் கொடுத்தால்தான் புதியது என்பது ஸ்டோர் சட்டம். ஒவ்வொருவராகப் பழையதைத் தகர டப்பாவில் போட்டுவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டார்கள். எதிர்க்கட்சி மட்டும் சட்டைப்பையில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, என்னுது நல்லாத்தான் இருக்கு. இதையே வச்சுக்கிறேனே."

"ஏன், இதுக்கென்ன குறைச்சல்? ஒன்பது நாள் பாத்துப் பாத்து எடுத்திருக்கேன்."

"அதுக்கில்லக்கா... கைக்குப் பழகிடுச்சு."

"புதுசும் பழகும். எல்லாருக்கும் ஒரே கத்தின்னா ஒரே கத்திதான். உனக்குன்னு தனிச் சட்டமா போடச் சொல்ற?"

பின்னால் நின்ற ரேடியோ சும்மா இருப்பானா? காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் வரை மூடாதவன், அதனால்தான் அந்தப் பெயர். "விடுங்கக்கா. எதிர்க்கட்சின்னா எதிர்க்கத்தான செய்யும்? இப்ப வெளிநடப்பு பண்ணுவாரு பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டோர் அக்காவும் சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே மரப்பிடி போட்ட தன் பழைய கத்தியை டப்பாவில் போட்டான்.

ஐந்தாவது மாதம் அது நடந்தது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பக்கச் சுவரில், எதிர்க்கட்சி ஏணி மேல் நின்று, வலது கையால் ஏணியைப் பிடித்தபடி, சுவரில் அறைந்திருந்த தடி ஒயரின் தோலை இடது கையால் உரித்துக்கொண்டிருந்தான். தோல் வரவில்லை. இறுக்கிப் பிடித்து அழுத்தினான். கத்தி அவன் கையிலேயே மடங்கிக்கொண்டது. கீழே விழாமல் ஒற்றைக் கையால் தானே இறங்கி வந்தான் என்று ரேடியோ சொன்னான். அன்றைக்கு அதற்கு மேல் ரேடியோ எதுவுமே சொல்லவில்லை. ஆள்காட்டி விரலின் நரம்பு அறுந்திருந்தது. ஒட்டித் தைத்த டாக்டர், விரல் மடங்குமா என்பதை ஆறு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றாராம்.

மறுநாள் மேனேஜர் விபத்துப் படிவத்தோடு வந்தார். கூடவே ஒரு கவரில் அந்தக் கத்தி. ஏழாவது கட்டத்தில் 'விபத்துக்கான காரணம்' என்று இருந்தது. அதில் அவரே பென்சிலால் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார்.

"இது மேலயே பேனாவால எழுதி, ஸ்டோர் பொறுப்பாளர்னு கையெழுத்துப் போட்ருங்கம்மா. சாமான்ல கோளாறு இல்லைன்னு நீங்கதான் சொல்லணும்."

"கவனக்குறைவுன்னு போட்டா அவனுக்கு என்ன ஆகும் சார்?"

"ஏணி வேலை கிடையாது. கீழ நின்னு சுருள் பிரிச்சுக் குடுக்கட்டும். லீவுக்குச் சம்பளமும் வராது. என்ன பண்றது, ரூல் அப்படி. அவனே ஃபோன்ல ஒத்துக்கிட்டான், 'என் தப்புதான் சார்'னு."

அவர் போனதும் ஸ்டோர் அக்கா கத்தியைக் கழுவித் துடைத்தாள். விரித்தாள், 'டிக்'. ஒயர்த் துண்டில் வைத்து அழுத்தினாள். ஐம்பது முறை. பூட்டு அசையவில்லை. நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. கத்தியில் கோளாறு இல்லை. பாவம், அவன் நினைப்பு எங்கேயோ இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: அப்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கு வேலை அதிகம், கையெழுத்தைக் காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று படிவத்தை மேஜைக்குள் வைத்தாள்.

காலை எட்டரைக்கு வழக்கம்போல் வரிசை வந்தது. ரேடியோ கையெழுத்துப் போட்டான். அவனுக்கு அடுத்தது எப்போதும் எதிர்க்கட்சி. ஸ்டோர் அக்கா கிளிப் எண்ணிக்கொண்டிருந்தாள்; அவள் கை பதிவேட்டைச் சாய்த்தது, பேனாவை எடுத்து இடப்பக்கம் போட்டது.

எதிரே யாரும் இல்லை.

எண்ணிக்கொண்டிருந்த கிளிப் டப்பா அப்படியே கையில் நின்றது. எல்லோரும் கிளம்பும் வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு, கத்தியை எடுத்து இடது கையில் பிடித்தாள். அந்த ஒன்பது நாளில் ஒரு தடவைகூட அது இடது கைக்குப் போகவில்லை. வலது கையில் பிடித்தபோது உள்ளங்கை பக்கம் ஒதுங்கி இருந்த தகடு, இப்போது விரல் நுனிக்கு நேராக வந்து நின்றது. தடி ஒயரில் வைத்து அழுத்தினாள். கை பழக்கமில்லாததால் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இறுக்க இறுக்க விரலே தகட்டை ஓரமாகத் தள்ளியது. மூன்றாவது அழுத்தலில் அலகு மடங்கி வந்தது. பயந்து கையை உதறியதால் தப்பித்தாள்.

தகர டப்பாவைக் கவிழ்த்து அவனுடைய பழைய கத்தியைத் தேடி எடுத்தாள். அதன் பூட்டு பிடியின் முதுகில் இருந்தது. எந்தக் கையில் பிடித்தாலும் ஒன்றுதான்.

தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. தினம் ஒரு தடவை 'எதிர்க்கட்சி' என்று வாய் நிறையக் கூப்பிட்டவள் அவள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அது ஏன் வந்த பெயர் என்பதே தேய்ந்து போயிருந்தது.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கதவைத் திறந்தது அவன் மனைவி.

"வாங்கக்கா, வாங்க! கம்பெனியிலேருந்து நீங்க ஒருத்தராவது வந்தீங்களே. இவரு வாய்க்கு வாய் உங்களைத்தான் சொல்வாரு." நாற்காலியில் மடித்து வைத்திருந்த துணிகளை அள்ளி இடம் பண்ணிக் கொடுத்தாள். ஸ்டோர் அக்காவுக்கு அதில் உட்காரவே கூசியது.

எதிர்க்கட்சி கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் மகளுடைய கோடு போட்ட நோட்டு. அதில் பெரிசும் சிறிசுமாக, குடித்தவன் நடந்த மாதிரி எழுத்துகள்.

"என்னப்பா இது?"

"வலது கையால எழுதிப் பழகுறேன்க்கா." சிரித்தான். "பொண்ணு எனக்கு ரெண்டு மார்க்தான் போட்டுச்சு. முப்பத்தெட்டு வயசுல ஒண்ணாங்கிளாஸ்ல ஃபெயில். பரவாயில்ல, திரும்ப வரும்போது வலது கைக்காரனா வந்துடுறேன். யாருக்கும் தொந்தரவு இருக்காது."

அவள் பையிலிருந்து பழைய கத்தியை எடுத்து நோட்டின் மேல் வைத்தாள்.

"நீ கவனமாத்தான் இருந்திருக்க. அந்தக் கத்தி உன் கைக்கு ஆகாது. இடது கையில வச்சு இறுக்கினா பூட்டு தானா விட்டுடுது. இன்னைக்குத்தான் பாத்தேன். அன்னைக்கே பாத்திருக்கணும்."

அவன் கத்தியைப் பார்த்தான். அவன் மனைவி கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றாள்.

"உனக்கு அது சரியா வரலைன்னு முதல்லயே தெரியுமா?" என்று கேட்டாள் ஸ்டோர் அக்கா.

"பிடி ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன்ப்பா சொல்லல? ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது? இடது கைன்னாலே ஆளாளுக்கு ஒரு ஜோக் வச்சிருக்காங்க. சின்ன வயசுலேருந்து கேட்டாச்சு." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அதோட, ஒன்பது வருஷமா நான் கேக்காமலே ரிஜிஸ்டரைத் திருப்பி வைக்கிறீங்க. வேற யாரும் எனக்கு அப்படிச் செஞ்சதில்ல. அதனால நீங்க எடுத்த கத்தின்னா என் கைக்கும் சேத்துத்தான் பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன். பழகாதது என் கைதான்னு விட்டுட்டேன்."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

மறுநாள் படிவத்தை எடுத்துப் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தாள். அழித்த இடத்தில் பேனாவால் எழுதினாள்: 'கத்தியைத் தேர்ந்தெடுத்ததில் தவறு. இடது கையில் பிடித்தால் பூட்டு நிற்காது. சோதித்தபோது நான் இடது கையில் பிடித்துப் பார்க்கவில்லை. பழைய கத்தியையே வைத்துக்கொள்கிறேன் என்று பணியாளர் கேட்டும் நான் விடவில்லை.' கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது. அடியில் முழுப் பெயரையும் போட்டாள்.

மேனேஜர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, யாரும் கேக்காமலே நீங்களா போயி மாட்டிக்கிறீங்க? அவனே ஒத்துக்கிட்டான்ல?"

"அவன் ஒத்துக்கிட்டதுதான் சார் என்னால தாங்க முடியல."

அவன் லீவுக்குச் சம்பளம் வந்தது. ஏணியும் பறிபோகவில்லை. சாமான் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் அவளிடமிருந்து எடுத்துத் தலைமை அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை.

ஏழாவது வாரம் எதிர்க்கட்சி வேலைக்கு வந்தான். தலைமை அலுவலகம் மூன்று மாதிரிக் கத்திகளை அனுப்பியிருந்தது. தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இல்லாவிட்டாலும் ஸ்டோர் அக்கா அவற்றை மேஜை மேல் வரிசையாக வைத்து, பதினொரு பேரையும் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். கையுறை போடுகிறவன் கையுறையோடு, சின்னக் கைக்காரன் சின்னக் கையோடு. எதிர்க்கட்சி கடைசியாக வந்தான். மூன்றையும் இடது கையில் வாங்கி, ஒயரில் அழுத்தி, நிதானமாகப் பார்த்தான். முதுகில் பூட்டு உள்ளதை எடுத்துத் தனியாக வைத்தான்.

"இதுன்னா ஆளுங்கட்சிக்கும் ஆகும், எனக்கும் ஆகும்."

அவன் நரம்பு ஒட்டிக்கொண்டது, ஆனால் விரல் மடங்கவில்லை. கத்தியைப் பிடிக்கும்போது மற்ற விரல்கள் சுற்றி வளைய, ஆள்காட்டி விரல் மட்டும் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றது. ரேடியோ அதைப் பார்த்துவிட்டான்.

"பாருங்கடா, எதிர்க்கட்சி இனிமே எப்பவும் யாரையாவது சுட்டிக்காட்டி குத்தம் சொல்லிக்கிட்டேதான் இருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்க்கட்சிதான் முதலில் சிரித்தான். ஸ்டோர் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவேட்டைச் சாய்த்து, பேனாவை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் போட்டாள். இந்தத் தடவை வேறு யாரிடமும் பேசிக்கொண்டு போடவில்லை. அவன் குனிந்து கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.