ஆராய்ச்சி மையத்துக்குப் போன ராடு நோட்டுகள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடன் கேட்டுப் போனபோது வங்கிக்காரர் உட்காரக்கூடச் சொல்லாமல் திருப்பி அனுப்பினார். மனைவியின் நகையை வைத்து, ஆழ்குழாய்க் கிணறு போடும் முதல் ரிக் லாரியை வாங்கினேன். இன்று லாரி மூன்று. திருச்செங்கோட்டில் மாடி வீடு. மகள் டாக்டர். ஐந்து மாநிலங்களில் போர் போட்டிருக்கிறேன். கன்னடமும் தெலுங்கும் இந்தியும் வேலை செய்துகொண்டே பேசக் கற்றேன். இத்தனைக்கும் மேலே ஒன்று போன வியாழக்கிழமை சேர்ந்தது. சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலத்தடி நீர் ஆராய்ச்சி மையம் என்னை ஓராண்டுக்கு வருகைதரு ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டது.

காலை 6.40. காரை மகன் ஹூப்ளிக்கு எடுத்துப் போயிருந்ததால் பேருந்து. சங்ககிரி வழியாகச் சேலம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். மடியில் ஒரு பை. அதில் பத்தொன்பது நோட்டுகள். துளை போடும்போது இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி இறக்குவோம். அதைத்தான் ராடு என்பது. எத்தனையாவது ராடில் தண்ணீர் வந்தது என்று ஊர், காடு (விளைநிலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), தேதியோடு எழுதி வைப்பது என் வழக்கம். மற்றவர்கள் அன்றைக்கே மறந்துவிடுவார்கள்.

பையைப் பார்த்த கண்டக்டர், சீட்டில் வைத்தால் லக்கேஜ் போட வேண்டும் என்றார்.

"காலேஜுக்குக் கொண்டு போற நோட்டுங்க."

"ஏனுங்க, இந்த வயசுல படிக்கப் போறீங்களா?"

"படிக்க இல்லீங்க. சொல்லிக் குடுக்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எம்பையனுக்கு ஒரு சீட்டு சொல்லி வைங்க சாமி" என்று விசிலை ஊதினார்.

8.15. புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி மூன்று இட்லி, ஒரு வடை, காபி, எழுபது ரூபாய். அங்கிருந்து ஏற்காடு அடிவாரப் பக்கம் ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோ முந்நூறு கேட்டது, இருநூற்றைம்பதுக்கு வந்தது.

9.10. வாசலிலேயே காத்திருந்தார் மையத்தின் தலைவர் பேராசிரியை ஜெசிந்தா; சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவர். படிவம் தந்தார்கள். கல்வித் தகுதி என்ற இடத்தில் 'ஐந்து' என்று பெரிதாக எழுதினேன். படம் எடுத்து, கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். கண்ணாடிக் கதவில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். நன்றாகவே இருந்தது.

10.30. சுவரில் கிழக்குச் சேலம் வரைபடம். கெங்கவல்லிப் பக்கம் பச்சை. பச்சை என்றால் நீர்மட்டம் இறங்கவில்லை என்று பொருளாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன சித்திரையில் அங்கே குடிக்கத் தண்ணீர் லாரியில் வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். திங்கட்கிழமை இந்த அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறது. பச்சையாக இருக்கும் ஊருக்குத் தடுப்பணை கிடைக்காது என்றார் ஜெசிந்தா. ஆதாரம் என்னவென்று கேட்டேன்.

"உங்க நோட்டுதாங்க ஐயா" என்றார் ஆய்வு மாணவி சுகன்யா. இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக்கு வந்து கெங்கவல்லி நோட்டுகளைப் படம் எடுத்துப் போனவர் அவர்தான். பக்கத்துப் பக்கத்துக் காடு இரண்டு. பழைய நோட்டிலும் பதின்மூன்றாவது ராடில் தண்ணீர். புது நோட்டிலும் பதின்மூன்று. ராடு இருபதடி, ஆக அன்றும் இன்றும் இருநூற்றறுபதடி.

"இருபதடின்னு ஆருங்க சொன்னது?"

"இப்ப ஓடற ரிக்குல நானே டேப்பு வெச்சு அளந்தனுங்க."

"இப்ப இருபதுதானுங்க. எம்மொத லாரியில ராடு பதினஞ்சடி."

பதின்மூன்று பதினைந்தை நான் மனதிலேயே போட்டேன்: நூற்றுத் தொண்ணூற்றைந்து. தண்ணீர் அறுபத்தைந்தடி கீழே போயிருக்கிறது. சுகன்யாவின் கண் கலங்கிவிட்டது.

"அழுவாதீங்க சாமி. நோட்டுல அதை எழுதாம உட்டது நானு" என்றேன். எழுதுவானேன்? எந்த வருடம் எந்த லாரி ஓடியது என்று எனக்குத் தெரியாதா என்ன.

மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. மூன்று மணி வரை பத்தொன்பது நோட்டிலும், எது பழைய லாரி, எது புதியது என்று ஊர் ஊராகச் சொன்னேன்; சுகன்யா கணினியில் ஏற்றினார். கெங்கவல்லி சிவப்பாயிற்று. ஜெசிந்தா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு நீங்க வரலைன்னா ஒரு தாலுகாவையே ஏமாத்தியிருப்போம் ஐயா" என்றார். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஆறு பேர் அந்த அறையில் இருந்தார்கள். ஆறு பேரும் கை தட்டினார்கள்.

4.00. கிளம்புமுன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். 'தரவு உதவி: உள்ளூர் ஆழ்குழாய்த் தொழிலாளர் ஒருவர்' என்று இருந்தது. தகவல் தருபவர்களின் பெயரைப் போடுவது மையத்தில் வழக்கமில்லை, குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் ஜெசிந்தா. கெங்கவல்லிக்காரர்களின் தண்ணீரை வைத்து நான் பேரம் பேசுகிறவன் இல்லை. நோட்டுகளை மேசையிலேயே விட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன்.

திருத்திய அறிக்கை திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் அச்சுப் புத்தகம் தை மாதம் வருமாம். குழுவில் இருப்பவர்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன். நன்றிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எனக்கு இடம் வேண்டாம். கெங்கவல்லி வரைபடத்துக்குக் கீழே, ஜெசிந்தாவுக்கும் சுகன்யாவுக்கும் அடுத்து, அதே அளவு எழுத்தில், சின்னுசாமி, ரிக் உரிமையாளர், திருச்செங்கோடு என்று போடுங்கள். அந்தப் பதினைந்தடி ராடைத் தோளில் ஏற்றி இறக்கியவன் 'ஒருவர்' இல்லை. நான்.