பின் சீட்டுக் காது

என் மனைவியை வேலை இடத்தில் எல்லோரும் பானட் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் அப்படிக் கூப்பிட்டால் மட்டும் முறைப்பாள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால் அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

வாகனத் தகுதிச் சோதனை மையத்தில் மூன்றாவது வரிசை அவளுடையது. தரையில் பதித்த இரும்பு உருளைகளின் மேல் சக்கரங்களை ஏற்றி, பிரேக்கை மிதித்து, எந்தச் சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்று திரையில் பார்த்து எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது வண்டி, பத்தொன்பது வருடமாக. எந்தக் கார் எத்தனையாவது வருடத்தில் எந்த இடத்தில் மக்கர் பண்ணும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கள் கல்யாண நாள்தான் வருடா வருடம் மறந்துபோகும்.

விடுமுறை நாட்களில் பழைய கார் வாங்குகிறவர்கள் அவளை அழைத்துப் போவார்கள். அதிலும் வேகமான கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள். இவர்கள் தனி ரகம். பாதி மூளைதான் கூட வரும், மீதி ஏற்கெனவே காரில் ஏறிப் போயிருக்கும். "எவ்வளவு வேகம் போகும்?" என்பார்கள். இவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். குதிரைத்திறனை வண்டியின் எடையால் வகுப்பாள். அப்படி வந்த ஒவ்வொரு குதிரைக்கும் என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்ப்பாள்.

"கனமான வண்டியில முந்நூறு குதிரையைக் கட்டுறதும் இலேசான வண்டியில இருநூறைக் கட்டுறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா டயரும் பிரேக்கும் கனத்துக்குத்தான் தேயும். பில்லு உங்களுக்குத்தான் வரும்" என்பாள்.

புது மாடல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டால் அது வரும்வரை காத்திருந்து பழையதை வாங்கச் சொல்வாள். முதல் சொந்தக்காரர் நான்கு வருடம் ஓட்டி, விலை பாதியாக இறங்கிய பிறகு போகச் சொல்வாள். சிவப்பு வேண்டாம் என்பாள், சிவப்புக்கு விலை அதிகம், வேகம் அதேதான். யாரும் திரும்பிப் பார்க்காத நிறமாக இருந்தால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. "நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள். போய் இறங்கியதும், விற்பவருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால், எஞ்சினை மூடியிருக்கும் பானட்டில் உள்ளங்கையை வைப்பாள். சில்லென்று இருந்தால் வேலை ஆரம்பம். சூடாக இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவாள், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஆறிக் கிடந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் அதன் புகையும் இருமலும் தெரியும், சூடான எஞ்சின் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பது அவள் கணக்கு. பானட் அக்கா என்ற பெயர் அப்படி வந்தது.

எனக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. கார்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது மட்டும்தான். ஆனால் காது நல்ல காது. அதனால் அவள் ஓட்டிப் பார்க்கும்போது பின் சீட்டில் என்னை உட்கார வைப்பாள். பின்னால் எங்காவது கடகடவென்றோ கீச்சென்றோ கேட்டால் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் நான் சொன்னது ஒரு தடவையும் தப்பியதில்லை. கார் சம்பந்தமாக எனக்கிருந்த ஒரே மரியாதை அதுதான்.

இத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்தவளிடம் சொந்தமாக இருந்தது பதினான்கு வருடப் பழைய சின்னக் கார். மேடு வந்தால் ஏசியை அணைக்க வேண்டும். வேகமான கார் ஒன்றுக்கு அவள் மூன்று முறை பணம் சேர்த்தாள். முதல் முறை மகளின் கல்லூரிக்குப் போனது. இரண்டாம் முறை என் இரண்டு கண்களுக்கும் அறுவை சிகிச்சை. பிழை திருத்துபவனுக்குக் கண் போனால் வீட்டில் உலை கொதிக்காது என்று அவள்தான் பிடிவாதமாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் முறை பணம் நிறைந்தபோது அவளுக்கு ஐம்பது வயது நெருங்கிவிட்டது. இடது முழங்கால் முரண்டு பிடிக்க ஆரம்பித்திருந்தது. "இன்னும் நாலஞ்சு வருஷம் கிளச் மிதிக்கலாம், அதுக்கப்புறம் யோசிக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கோ கையால் கியர் போடும் வண்டிதான் வேண்டும். அப்படி வருவதே குறைந்துபோன காலம்.

அந்த நேரத்தில்தான் அது கண்ணில் பட்டது. இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், இலேசான உடம்பு, கையால் போடும் கியர். ஒரே சொந்தக்காரர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. நனைந்த சாக்கின் நிறம். அந்த நிறத்துக்காகவே ஆறு மாதம் விலை போகாமல் கிடந்தது. வகுத்துப் பார்த்த தாளை என்னிடம் நீட்டினாள். "இந்த விலைக்கு இவ்வளவு குதிரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லைங்க" என்றாள்.

சனிக்கிழமை காலையில் போனோம். வீட்டு வாசலில் மரநிழலில் நின்றது. இவள் இறங்கி நேராகப் போய் பானட்டில் கையை வைத்தாள். வழக்கமாக ஒரு நொடிதான். அன்று வைத்த கையை எடுக்கவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

ஆசிரியை பதறிப்போனார். "மன்னிச்சுக்குங்க. பொண்ணை நீச்சல் வகுப்புல விட்டுட்டு இப்பத்தான் வந்தேன். நீங்க சொன்னது சுத்தமா மறந்துபோச்சு."

பொய் சொல்லும் முகமில்லை. ஈரத் துண்டு ஒன்று சீட்டில் கிடந்தது. இவள் அதையும் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில வரட்டுமா?"

"வாங்க. ஆனா சாயங்காலம் ஒருத்தர் வர்றதா சொல்லியிருக்கார். அவர் அட்வான்ஸ் கொடுத்துட்டார்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நான் அவளை ஓரமாகக் கூப்பிட்டேன். "ஒரே ஒரு தடவை. அந்தம்மா சொல்றது உண்மைன்னு உனக்கே தெரியுது. ஏறி ஓட்டிப் பாரு."

"ஊருக்கெல்லாம் ஒண்ணு சொல்லிட்டு எனக்குன்னு வந்தா மாத்திக்கிறதா?"

"யாரு பார்க்கிறாங்க?"

"இது நம்ம மொத்தக் காசுங்க" என்றாள். "மத்தவங்களுக்கே சூடான வண்டியை வாங்கிக் கொடுத்ததில்லை."

வீட்டுக்கு வந்தோம். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று அச்சுக்குப் போக வேண்டிய புத்தகத்தில் பாதிப் பிழையைக் கோட்டை விட்டிருப்பேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் போன் அடித்தது. ஒரு பல் டாக்டர். யாரோ நண்பர் சொல்லி அழைக்கிறார். நாளைக் காலை ஒரு கார் பார்க்க வேண்டும், அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, சரியில்லை என்றால் திருப்பித் தந்துவிடுவார்களாம். இரண்டு கதவு, சாக்கு நிறம்.

இவள் வகுத்துப் பார்த்த தாளை எடுத்து நான்காக மடித்தாள். பிறகு, "அந்த வண்டியை இன்னைக்கு எனக்காகவே பார்க்கப் போயிருந்தேன் டாக்டர். வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"அப்போ உங்களைவிட நல்லா யாரு அக்கா பார்ப்பாங்க? நீங்களே வாங்க" என்றார் அவர். அவர் நல்ல மனுஷன் என்பதுதான் எனக்கு மேலும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பானட் சில்லென்று இருந்தது. முதல் திருகலில் எஞ்சின் கிளம்பியது. புகை இல்லை, இருமல் இல்லை. பல் டாக்டர் முன்னால், அவள் ஓட்ட, நான் பின்னால். ஊருக்கு வெளியே நேர்ச் சாலை வந்ததும் மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்தாள். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. மகள் பிறந்த அன்று பார்த்த முகம். அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. அடுத்த நிமிடம் பிரேக்கை அழுத்தினாள், கார் ஒரு இழைகூட விலகாமல் நின்றது.

அந்தாள் வேண்டாம் என்று சொன்னால் போதும், கார் எங்களுக்கு. இந்த எண்ணம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியாது. வாயைத் திறந்தபோதுதான் வந்திருக்க வேண்டும்.

"பின்னாடி ஒரு சத்தம் கேக்குது" என்றேன்.

அவள் உடனே ஓரங்கட்டினாள். "எந்தப் பக்கம்?"

"இடது."

பல் டாக்டரின் முகம் சுருங்கியது. இவள் கைவிளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நல்ல சேலையில் வந்திருந்தாள். தார்ச்சாலையில் பழைய செய்தித்தாளை விரித்து மல்லாந்து படுத்து, அந்த முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி, காருக்கு அடியில் நகர்ந்து போனாள். ஒவ்வொரு ரப்பராக அழுத்தினாள். ஒவ்வொரு நட்டாகத் தட்டினாள். பத்து நிமிடம், இல்லாத ஒரு சத்தத்தை, நான் சொன்னேன் என்ற ஒரே காரணத்துக்காக. நான் சாலையோரம் நின்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

வெளியே வந்தபோது முதுகெல்லாம் மண். "இடது பக்கம் ஒண்ணுமே தெரியலையே. இன்னொரு தடவை ஓட்டுறேன், நல்லாக் கவனிங்க" என்றாள்.

ஓட்டினாள். அதே சாலை, அதே வேகம்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குது. வலது பக்கம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கண்ணாடியில் அவள் கண்கள் என்னைப் பார்த்தன. கோபம் இல்லை. பிரேக் திரையில் ஒரு எண்ணைப் படித்துவிட்டு எழுதப்போகிற மாதிரி ஒரு பார்வை.

காரை ஆசிரியை வீட்டு வாசலில் நிறுத்தினாள். பல் டாக்டர் தயங்கிக்கொண்டு நின்றார். "சார் சத்தம் கேக்குதுங்கிறாரே. விட்டுடலாமாக்கா?"

"சத்தம் இல்லை டாக்டர். இவருக்கு இன்னைக்குக் காது சரியில்லை. பின் டயர் ரெண்டையும் மாத்தணும், அந்தக் காசை மட்டும் விலையில குறைச்சுக்கச் சொல்லுங்க. வேற ஒரு குறையும் இல்லை."

எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டார். "நீங்களா இருந்தா வாங்குவீங்களா?"

மற்றவர்களுக்கு, "என்கிட்டக் காசு இருந்தா வாங்குவேன்" என்று சிரித்து மழுப்புவாள். அன்று சிரிக்கவில்லை.

"வாங்கியிருப்பேன்" என்றாள்.

திரும்பும் வழியில் மேடு வந்தது. ஏசியை அணைத்தாள்.

"உனக்காகத்தான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். அதனாலதான் பொய் சொல்றாருன்னு சொல்லாம, காது சரியில்லைன்னு சொன்னேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வண்டி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஒரு பேராசிரியருக்குக் கார் பார்க்கப் போக வேண்டியிருந்தது. அவள் கைவிளக்கை எடுத்தாள், செய்தித்தாளை எடுத்தாள். நான் செருப்பைப் போடாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, கிளம்பலையா?"

"நான் எதுக்கு இனிமே?"

"பின் சீட்டுல யாரு உட்காருவாங்க?" என்றாள்.

போனேன். பின் சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது திருப்பத்தில் மெல்ல ஒரு கடகடப்பு கேட்டது. நிஜமான சத்தம். சொல்வதா வேண்டாமா என்று இரண்டு தெரு தூரம் யோசித்துவிட்டு, "வலது பக்கம், சக்கரத்துக்கு மேலே" என்றேன்.

கண்ணாடியில் அவள் என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை ஓட்டியும் பார்க்கவில்லை. காரை ஓரம் கட்டி, நோட்டை எடுத்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.