இரண்டு வருடம் தாங்கும் என்று நான் சொன்ன போத்தல்

"செல்வம், அது ரெடியா?"

எங்கள் முதலாளி வருடா வருடம் என்னிடம் கேட்ட கேள்வி இது. மாத்தளை டவுனில் கராம்பு, சாதிக்காய் மொத்த வியாபாரம் செய்தவர். எல்கடுவவில் ஒரு பழைய தோட்டத்துத் துரை பங்களாவை வாங்கி ஹோட்டலாக நடத்தினார். நான் அங்கே சாப்பாடும் குடிவகையும் பரிமாறும் ஸ்டுவர்ட். கொழும்பில் பெரிய ஹோட்டல் பாரில் பதினோரு வருடம் நின்றவன் என்பதால், வைன் விவகாரம் எல்லாம் என் தலையில்தான் விடியும்.

'அது' என்பது ஒரே ஒரு போத்தல் பிரெஞ்சு ரெட் வைன். அவருடைய ஒரே மகள் தர்ஷினி பிறந்த வருடத்தது. கராம்பு வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்தாராம். மகளின் கல்யாணத்தன்றுதான் திறப்பது என்று முதலாளி முடிவு கட்டியிருந்தார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த குளிர்ந்த ஸ்டோரில் அதைப் படுக்க வைத்திருந்தேன். கார்க் காயக்கூடாது, ஆட்டக்கூடாது, அடியில் மண்டி படிந்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். விருந்தாளி யார் வந்தாலும் முதலாளி அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் புரட்டி வருடத்தைக் காட்டுவார். அரிஷ்டம் மாதிரி குலுக்கிவிட்டுத்தான் குடிக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். தூசியாக இருக்கிறதே என்று முதலாளியம்மா ஈரத்துணியால் துடைத்ததில் பாதி லேபிள் போய்விட்டது. பழசாகப் பழசாக நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லதாகிக்கொண்டே போக அது என்ன காணியா?

பூட்டிய போத்தலுக்குள் என்ன நடக்கிறது என்று எவனுக்கும் தெரியாது. பன்னிரண்டு போத்தல் இருந்தால் சில வருடத்துக்கு ஒன்றைத் திறந்து ருசி பார்த்துச் சொல்லலாம். ஒன்றே ஒன்று இருந்தால், வைன் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, கார்க் கசிகிறதா, டோர்ச் வெளிச்சத்தில் நிறம் எப்படி என்று பார்த்து ஊகிக்கத்தான் முடியும். நேர்மையான பதில் 'தெரியாது' என்பதுதான். அதை ஒரு முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

தர்ஷினி கம்பஸில் பட்டப்படிப்பு முடித்த வருடம் பார்த்தபோது மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தது. கல்யாணத்தன்று புளித்துப்போனால் பழி எனக்குத்தானே வரும்? "இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும் முதலாளி. அதுக்கு மேல நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் தர்ஷினி பேன்ட்ரிக்கு வந்து நின்றாள். மண்ணியல் மேற்படிப்புக்கு ஜப்பானில் இரண்டு வருட இடம் கிடைத்திருந்தது.

"அங்கிள், அப்பாகிட்ட என்ன சொன்னீங்க? வைன் கெட்டுப்போறதுக்குள்ள கல்யாணத்த முடிக்கணுமாம். நான் படிச்சிட்டு வர்றதுக்குள்ள போத்தல் போயிருமாம்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. முதலில் முதலாளி மேல் எரிச்சல் வந்தது, பிறகு என் மேலேயே. அவருக்கு அது ஒரு சாக்குதான். ஆனால் அந்தச் சாக்கை எடுத்துக் கொடுத்தவன் நான்.

என் கணக்கு பிழைக்கலாம், பத்து வருடம்கூடத் தாங்கலாம் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பாப்பா சொல்லச் சொல்லிச்சா என்று முறைத்தார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாகிவிட்டது.

அதற்கு முந்திய ஞாயிறு குடும்பமே பங்களாவுக்குச் சாப்பிட வந்தது. வெள்ளிக்கிழமையே நான் போத்தலை எடுத்து நிமிர்த்தி வைத்திருந்தேன். மண்டி அடியில் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். பகல் சாப்பாட்டில் முதலாளி வழக்கம்போல் தாங்குமா என்று கேட்டார்.

"இன்னைக்குத்தான் முதலாளி. இன்னைக்கு விட்டா வினாகிரிதான்."

"கல்யாணத்துக்குன்னு வச்சதுடா."

"பாப்பாவுக்குன்னு வச்சது முதலாளி. பாப்பா இங்கதான இருக்கு."

அவர் போத்தலைப் பார்த்துவிட்டு, திற என்று தலையாட்டினார்.

கார்க் முழுசாக வந்தது, நுனியில் மட்டும்தான் ஈரம். கசியவே இல்லை. கண்ணாடிக் குடுவைக்கு மெல்ல ஊற்றி, வழக்கப்படி ஒரு மடக்கு நானே முதலில் ருசி பார்த்தேன். துவர்ப்பில் நாக்கு அப்படியே இறுகிப்போனது. கெடவில்லை. பழுக்கவே இல்லை. இன்னும் பத்து வருடம் தாராளமாக இருந்திருக்கும். என் இரண்டு வருடக் கணக்குக்காக அந்தப் பிள்ளை எத்தனை நாள் அழுதிருப்பாள்!

தர்ஷினி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "பச்சைப் பாக்க மென்ன மாதிரி இருக்கு அங்கிள்."

முதலாளி அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுதான் சரியான நேரமா செல்வம்?"

"சரியான நேரம் முதலாளி."

அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வர இருந்தவர்களைப் பிறகு வரச் சொல்லிவிட்டார். தவணை சொல்லி அவசரப்படுத்த அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. தர்ஷினி அந்த வருடமே ஜப்பானுக்குப் போனாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகுங்கள். அந்தப் போத்தலைப் பற்றி நான் இரண்டு முறை தவறாகச் சொன்னேன். முதல் முறை, என் தலை தப்ப வேண்டும் என்ற பயத்தில். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். இரண்டாம் முறை, அந்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில், நன்றாகத் தெரிந்தே சொன்னேன். அதற்கு வெட்கமில்லை.