வாற திங்கள் திருத்துவம்

எழுபதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் சிட்னி அலுவலகத்தில், அண்ணனின் கதிரையில் அவருடைய கம்பளிச் சட்டை மாத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கூடப் பிறந்தவர் அல்லர்; எனக்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, எனக்கும் அங்கே வேலை எடுத்துத் தந்தவர். சனிக்கிழமை லிட்கம் ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழும்பவில்லை.

அலுமாரி அளவு இருந்த எங்கள் கம்ப்யூட்டரோடு டெலிபிரிண்டர் என்ற தட்டச்சுப் பொறியை இணைக்க, மாதக்கணக்காக அவர் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். பொறியில் ஒரு விசையைத் தட்டினால் கம்பி வழியே சிக்னல் போகும். கம்ப்யூட்டர் தான் போட்டுக்கொண்டிருந்த கணக்கை, விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அப்படியே நிறுத்தும். அண்ணனின் புரோகிராம் அந்த எழுத்தை வாங்கித் தாளில் அடிக்க வைக்கும். பிறகு கம்ப்யூட்டர் பழைய கணக்குக்குத் திரும்ப வேண்டும். இன்று கையில் வைத்திருக்கும் தொலைபேசியிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. எங்களுடையது திரும்பவில்லை, ஒரு எழுத்தோடு விறைத்துப்போய் நின்றது. முந்தின வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் ரயிலில் வீட்டுக்குப் போகும்போதுதான் அவருக்குக் காரணம் பிடிபட்டது.

"எழுத்தை வாங்கிறம், ஆனா கூப்பிட்ட சிக்னலை அணைக்கேல்லையடா. அது நிற்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கு," என்று சிரித்தார். "வாற திங்கள் திருத்துவம்."

சிக்னலை அணைக்கும் அந்த ஒரு வரியை, அந்தத் திங்கள் நான் தனியாகப் புரோகிராமில் சேர்த்தேன். பொறி சடசடவென்று அடித்தது. மேலாளர் கைகொடுத்தார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

சில வாரம் கழித்து, அவருடைய பொருட்களை எடுத்துப்போக அண்ணி வந்தார். போகிற நேரத்தில் தயங்கி நின்று, "அவர் செய்துகொண்டிருந்தது ஓடுதோ, தம்பி?" என்று கேட்டார். அவரைப் பொறியின் முன்னால் இருத்தி, ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொன்னேன். தாளில் எழுத்து விழுந்தது.

"நான் தட்டினதாலையோ?"

"நீங்கள் தட்டினது உள்ளுக்குப் போகுது, அண்ணி. அண்ணன் எழுதினதுதான் அதை வாங்கித் திருப்பி அடிக்குது."

 அண்ணி ஒற்றை விரலால், ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தேடித் தேடி, 'சாப்பிட்டீங்களோ' என்று அடித்தார். ஒவ்வொரு எழுத்தாகப் பொறி திருப்பி அடித்துக் கொடுத்தது. அடித்து முடித்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்தபடி காத்திருந்தார்.

பொறி சும்மா இருந்தது. நான் இன்னொரு கதிரையை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.