குசினிக்காரர்கள் கப்பல் ஏறிய பிறகு

ஓட்டல் தொழிலில் சமைக்கிறவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியவன் பேரர்தான். யாரோ செய்த தப்புக்கு நடுவில் நின்று திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பஸ் கண்டக்டரோ, பாங்க் கவுண்டர் குமாஸ்தாவோ, எந்த உத்தியோகமானாலும் சரி, நீங்கள் நம்ம ஆள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம், கடற்கரை ரோட்டில் ஒரு ஓட்டலில் நான் ஹெட் பேரர். மாடியில் தனி டைனிங் ஹால். வெள்ளைத் துணி விரித்த பத்து மேசை, முள்கரண்டி, கண்ணாடித் தம்ளர், அச்சடித்த மெனு கார்டு. அந்த ஊரில் அது பெரிய விஷயம்.

செவ்வாய்க்கிழமை அடுப்பு எரியவில்லை

எங்கள் சமையல்காரர்கள் இரண்டு பேர். தொம்மை அண்ணனும் அவர் மச்சான் லூர்தும். திரேஸ்புரத்துக்காரர்கள், கொழும்பில் பெரிய ஓட்டலில் வேலை பழகியவர்கள். சமையலறையை அவர்கள் குசினி என்பார்கள்; நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். அவர்கள் செய்யும் சூப்புக்கும் மீனுக்கும் சனிக்கிழமைதோறும் மத்தியானம் கப்பல் ஏஜெண்ட் ஒருவர் கப்பல் கேப்டன்களையும் ஆபீசர்களையும் அழைத்து வருவார். அவர் வருவதால் உப்பள முதலாளிகள் வந்தார்கள். அவர்கள் வருவதால் மற்றவர்கள் வந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அடுப்பு எரியவில்லை. பதினோரு மணிக்குத் தொம்மை அண்ணன் இஸ்திரி போட்ட பேண்ட்டோடு வந்து நின்றார். இரண்டு பேரையும் கப்பல் வேலைக்கு எடுத்துவிட்டார்களாம். எடுத்துவிட்டது யார் என்கிறீர்கள்? நம் ஏஜெண்ட்தான். வாரா வாரம் சாப்பிட்டுப் பார்த்துத்தானே முடிவு செய்திருக்கிறார்! முதலாளியால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை, அவரை விட்டால் ஹாலே இல்லை. என்னைக் கூப்பிட்டு, "ஏலே ரத்தினம், மூணு சனிக்கிழமை பாப்பேன். ஏஜெண்ட் வரத்து நின்னுச்சுன்னா மேசை நாக்காலியை வித்துப்போட்டு ஹாலைக் குடோனுக்கு விட்டுருவேன்" என்றார். எனக்கு நாற்பத்து நாலு வயது, மூன்று பிள்ளைகள். முள்கரண்டி எந்தப் பக்கம் வைப்பது என்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஓடிப்போய்த் தொம்மை அண்ணனிடம், சூப்புக்கும் மீனுக்குமாவது அளவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். அவர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "அளவு என் நாக்குலல்லா இருக்கு. அறுத்தா தர முடியும்?"

வெள்ளைக் கோட்டு

இரண்டே நாளில் முதலாளி ஏரல் பக்கத்திலிருந்து ஓர் ஆளைப் பிடித்து வந்தார். பெயர் சுடலைமுத்து. ஆற்றங்கரை ஊர்களில் கோயில் கொடைத் திருவிழா என்றால் அவர்தான் சமையல். ஐந்நூறு பேருக்குக் கிடா வெட்டி ஒரே ஆளாக நின்று இறக்குவார். சூப் தெரியுமா என்று கேட்டதற்கு, "மல்லித் தண்ணிதான அது?" என்றார். முதலாளிக்குத் திருப்தி.

அவருக்குத் தொம்மை அண்ணன் விட்டுப்போன வெள்ளைக் கோட்டை மாட்டினோம். மாட்டிக்கொண்டு, ஒரு துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். கொடையில் அப்படித்தானாம், சாமிக்குப் போகும் சோற்றில் சமைக்கிறவன் மூச்சு படக்கூடாது. அன்று சாப்பிட வந்த கஸ்டம்ஸ் ஆபீசர் ஒருவர் குசினிக் கதவு திறந்தபோது உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உள்ள சமையல் நடக்கா, ஆபரேஷன் நடக்கா?"

முதல் சனிக்கிழமை

ஏஜெண்டும் வெள்ளைக்காரக் கேப்டனும் கூட ஆறு பேரும். சூப்பை வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். கேப்டன் ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி குடித்தார். பிறகு கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். சூப்பில் உப்பு என்பது பேருக்குக்கூட இல்லை. அடுத்து வந்த மீனில் போட்டிருந்தது. எட்டுப் பேருக்கு அல்ல, ஐந்நூறு பேருக்கு.

குசினிக்குள் ஓடி, "அண்ணாச்சி, ருசி பாக்கலியா?" என்றேன். அவர் அதிர்ந்துபோய்விட்டார். சாமிக்கு முதல் இலை படைப்பதற்கு முன்னால் நாக்கில் வைத்தால் அது எச்சில். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லையாம். கொடையில் யார் குறை சொல்லப் போகிறார்கள்? சாமியே சாப்பிட்டதை மனுஷன் பழிப்பானா? எங்கள் ஏஜெண்ட் பழித்தார். கையைத் துடைத்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஜன்னலைத் தொறந்தா உப்பளம் தெரியுது. சூப்புல மட்டும் உப்பைக் காணும்."

அட்டை

மெனு கார்டு மட்டும் பழையதுதான். அதில் உள்ள முப்பத்திரண்டு அயிட்டத்தில் சுடலைமுத்து அண்ணாச்சிக்குத் தெரிந்தது சாதம். துறைமுக இன்ஜினீயர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அந்த அம்மா ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் "இன்னைக்கு இல்லம்மா" என்றேன். இரண்டாம் பக்கம் திருப்பும்போது எனக்கே வெட்கமாகிவிட்டது. அந்த அம்மா கார்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதை எதுக்கு நீட்டுதீங்க, வீசிக்கிடவா?"

திரேஸ்புரத்தில்

மீனாவது நல்ல மீனாக இருக்கட்டும் என்று நானே விடிகாலையில் திரேஸ்புரம் போனேன். தொம்மை அண்ணன் காலத்தில் சைக்கிளில் போய் நின்றால் போதும், முதல் தரமான சீலா மீன் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். எனக்கு வந்தது கண் செத்த மீன். "எப்பவும் ஓட்டலுக்கு எடுத்து வைப்பீங்களே" என்று மீன்காரம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மா தலைகூட நிமிரவில்லை. "தொம்மைக்கில்லா எடுத்து வச்சோம். ஓட்டலு எங்களுக்கு என்ன முறை?"

இரண்டாம் சனிக்கிழமை

இந்தத் தடவை நானே ருசி பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். குசினிக்குள் பார்த்தால் அண்ணாச்சி கரண்டியைப் பிடுங்குவார். ஆகவே ஹாலின் மூலையில், தட்டுகளை அடுக்கும் இடத்தை மறைக்கும் தட்டிக்குப் பின்னால் நின்று, சூப்புப் பாத்திரத்தில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு எனக்கு மூச்சு வந்தது தெரியுமா! கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கரண்டியும் குடித்தேன்.

கண்ணைத் திறந்தால் எதிரே ஏஜெண்ட். கை கழுவ வந்தவர். கரண்டி என் வாயிலேயே இருக்கிறது. பின்னால் அந்த வாரத்துக் கேப்டன். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வாயில் கரண்டி வைத்தவன் சொல்வதை யார் கேட்கிறார்கள்? எட்டுப் பேரும் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். முதலாளி அன்று சாயங்காலமே ஏஜெண்ட் வீடு தேடிப் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை வாங்கி வந்தார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஏஜெண்ட் படியிறங்கும்போது கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "நாங்க உக்காருததுக்கு முன்னால உமக்காவே பந்தி?"

கடைசிச் சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணாச்சி மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் என்ன செய்வார், மனசறிந்து ஒரு தப்பும் செய்யவில்லையே. திடீரென்று ஒன்று தோன்றிக் கேட்டேன்: "படைச்ச பெறகு ருசி பாக்கலாமா?" "படைச்ச பெறகு தாராளமா சாப்பிடலாமே" என்றார். "அப்பம் இங்கனயே படைச்சிருவோம்."

மறுநாள் பதினொன்றரை மணிக்கு அடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கலை நட்டு, திருநீறு பூசி, சந்தனம் வைத்தார். முன்னால் இலை போட்டு சூப், மீன், கறி எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்துச் சூடம் கொளுத்தினார். கும்பிட்டு எழுந்து வாய்த்துண்டை அவிழ்த்தார். கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தவர் முகம் கோணிவிட்டது. "ஏ ஆத்தா, இதையாவே ரெண்டு வாரமா அவங்களுக்குப் போட்டேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பார்க்க வேண்டுமே! இதில் ஒரு கை தண்ணீர், அதில் எலுமிச்சம்பழம், கறியில் மிளகு. அரை மணி நேரத்தில் மூன்றையும் திருத்திவிட்டார். மனுஷனுக்கு அப்படி ஒரு நாக்கு இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாமல்.

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். சூப்புத் தட்டு காலியானது. மீன் காலியானது. கறி வைத்ததும் கேப்டன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் எடுத்தார். இரண்டாம் தடவை கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹால் பிழைத்தது, நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். கேப்டன் ஏஜெண்டின் காதில் ஏதோ சொன்னார். ஏஜெண்ட் என்னைக் கூப்பிட்டு, "யாருவே சமையல்? இவரு கப்பலுக்கு ஆள் வேணுமாம்" என்றார். நான் விடவில்லை. "அவருக்குத் தண்ணின்னாலே பயம் சார், கடல்ல கால்கூட நனைக்க மாட்டாரு" என்று வாய் கூசாமல் சொன்னேன். குசினிக் கதவில் நின்ற சுடலைமுத்து அண்ணாச்சி, வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார்: "யாருக்குப் பயம்? தாமிரபரணி வெள்ளத்துல ஆடு புடிச்சவன் நான். கப்பல் எப்பம் கெளம்புதுன்னு மட்டும் கேளும்."

சமையல் கெட்டால் வாடிக்கை போய் ஹாலை மூடுவார்கள், சமையல் நன்றாக இருந்தால் சமையல்காரன் போய் ஹாலை மூடுவார்கள், எப்படி மூடினாலும் மேசைத் துணியை மடித்து வைக்கிற வேலை மட்டும் ஹெட் பேரருடையது.