மழை வந்தபோது ஏழுமலை கூப்பிட்ட பெயர்

செய்தி வந்தபோது நான் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்று, பேத்திக்கு மல்லாட்டை, அதாவது வறுத்த வேர்க்கடலை, வாங்கிக்கொண்டிருந்தேன். மருமகள் கவிதாவின் எண்ணிலிருந்து போன். வழக்கம்போல நான்தான் முந்திக்கொண்டேன்.

"இன்னாம்மா, உங்கப்பன் இன்னிக்கு எந்த எழுத்த முழுங்கிக்கினு ஒக்காந்திருக்கான்?"

வந்தது பேத்தி இனியாவின் குரல்.

"தாத்தா, விழுப்புரம் தாத்தா எந்திரிக்கவே மாட்டேங்குறாரு. கன்னத்துல தட்டிக்கூட பாத்துட்டேன்."

கடைக்காரர் பொட்டலத்தை நீட்டியபடியே நின்றார். அதை எப்போது வாங்கினேன், எப்போது வண்டியில் ஏறினேன் என்பதெல்லாம் நினைவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கூட்டேரிப்பட்டு வந்தது, விக்கிரவாண்டி வந்தது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோலத் தெரிந்தன. அந்தச் சாலையில் கண்ணை மூடினாலே எனக்கு ஒரு குரல் கேட்கும். அன்றும் கேட்டது.

உங்களில் பலருக்கும் அந்தக் குரலைத் தெரியும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஆயுசு முழுக்கப் போய் வந்த கண்டக்டர் ஏழுமலையின் குரல். அவன் என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான். பிற்பாடு அவன் மகள் கவிதாவையே என் மகனுக்குக் கட்டினோம். அதனால் சம்பந்தியும் ஆனான். இறந்துபோனவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கும் அவ்வளவு தெரியும். எழுதியும் பார்த்தேன். யாரோ தாசில்தாரைப் பற்றி எழுதுவதுபோல இருந்தது. அவன் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான். ஆகவே அவன் அவனாகவே இருக்கட்டும்.

எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவன் அதட்டிப் பேச மாட்டான். "முன்னாடி போங்க, முன்னாடி போங்க. முன்னாடி போனாலும் அதே திண்டிவனந்தான், பயப்படாதீங்க" என்பான். எழுத்துக் கூட்டத் தெரியாத கிழவிகள் வண்டிக்கு வண்டி ஓடி ஊர்ப்பெயர் கேட்பார்கள். யாராவது சலித்துக்கொண்டால், "படிக்க வராதவங்களுக்கு நாந்தாம்மா போர்டு. என்னப் பாத்து ஏறுங்க" என்று கையைப் பிடித்து ஏற்றிக்கொள்வான்.

ஒரு தீபாவளிக்கு மறுநாள் மாமியார் வீட்டிலிருந்து திரும்பும்போது அவன் வண்டியில் ஏறினேன். புது வேட்டி, கையில் பலகாரத் தூக்கு. உட்கார இடமில்லை. விசில் ஊதி வண்டியையே நிறுத்திவிட்டான்.

"யாராச்சும் எங்க மாமாவுக்கு எடம் குடுங்க சாமி. எங்க வீட்டுல சாப்புட்டுட்டு நிக்க முடியாம நின்னுக்கினு வர்றாரு."

வண்டியே சிரித்தது. எழுந்து இடம் கொடுத்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சும்மா விடுவேனா?

"எங்க மச்சான் வீட்டு இட்லி அப்பிடிம்மா. எடுத்து அடிச்சா இந்த வண்டி டயரே பஞ்சராவும்."

மாமன் மச்சான் என்றால் எங்கள் பக்கம் இப்படித்தான். ஒருநாள் கேலி நின்றால், "இன்னா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று ஊர் விசாரிக்க வந்துவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். பக்கவாதம். வலது கை போனது, பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் தங்கியது. வண்டியைக் கிளப்பிக் கிளப்பிப் பழகிய சொல்: "ரைட்." பசிக்கிறதா என்றால் ரைட். வலிக்கிறதா என்றால் ரைட். பெயர் கேட்ட டாக்டரிடமும் ரைட். தான் சொல்ல வந்தது அது இல்லை என்பது அவனுக்கே தெரியும். சொன்ன மறுகணம் கண் கலங்கும்.

பார்க்க வந்தவர்களெல்லாம் கைக்குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் மீதியை அவர்களே சொல்லி முடித்தார்கள். நானும் முதல் நாள் கட்டிலோரம் நின்று, "எப்பிடிப்பா இருக்க ஏழுமலை?" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வெளியே வந்து யோசித்தேன். என் வாயிலிருந்து அவன் பெயரை அவ்வளவு மரியாதையாக அவன் கேட்டதே இல்லை. நானே பாதி சாகடித்துவிட்டேன் போலிருக்கிறது. மறுநாள் உள்ளே நுழையும்போதே குரலை உயர்த்தினேன்.

"ஏண்டா மச்சான், டிக்கெட் இல்லாம படுத்துக்கினு எந்த ஊருக்குடா போற?"

கவிதா பதறி என் கையைப் பிடித்தாள். அவன் வாயின் இடதுபக்கம் மட்டும் மேலே ஏறியது. பாதிச் சிரிப்புதான். ஆனால் அவனுடைய சிரிப்பு.

கவிதா பிள்ளையோடு விழுப்புரத்துக்கே வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். அவள் அம்மா முன்பே போய்விட்டாள், என் வீட்டுக்காரியும் இல்லை. என் மகனுக்கு ஓசூரில் வேலை. நான் காலையில் வண்டி ஏறி வந்து சாயங்காலம் திரும்புவேன். இனியாவுக்கு அப்போது நான்கு வயது நிறையவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன் வீட்டிலேயே எழுத்துகளின் சத்தத்தைப் பழக்கிக்கொண்டிருந்தாள் கவிதா. எழுதச் சொல்ல மாட்டாள். "பென்சிலெல்லாம் அப்புறம் மாமா. மொதல்ல காதுக்குத் தெரியணும், அப்புறம் வாய்க்கு. கண்ணுக்குத் தானா வரும்" என்பாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடம் நடக்கும். வெளியே வெயில் வெள்ளையாக நிற்கும். ஜங்ஷனுக்குள் ஏதோ ரயில் வந்துகொண்டே இருக்கும், வந்து சேராது. நான் பாயில் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். கவிதா உதட்டை மூடி "ம்ம்ம்" என்பாள். பிள்ளையும் "ம்ம்ம்" என்னும். அது என் தூக்கத்துக்குள் வந்து வண்டாகும், மாவு மில்லாகும், மேட்டில் ஏறும் வண்டியாகும். ஒருநாள் அந்தச் சத்தம் மூன்று குரலாகக் கேட்டது. கண்ணைத் திறந்தேன். நாற்காலியில் இருந்த ஏழுமலையின் உதடும் மூடியிருந்தது.

'ப' சொல்லும்போது காலண்டர் தாளைக் கீற்றாகக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் தாள் துள்ளும். இனியா தன் முறை முடிந்ததும் எழுந்துபோய்த் தாளை அவன் உதட்டுக்கு முன்னால் பிடித்தாள்.

"இப்ப நீ."

தாள் அசையவில்லை. அவள் கையை இறக்கவும் இல்லை. அவனுக்காகச் சொல்லை முடித்துவைக்கும் அவசரம் எங்களுக்குத்தான், அவளுக்குக் கிடையாது. வெகுநேரம் கழித்துத் தாள் நடுங்கியது.

"அம்மா, தாத்தாவுக்கு ப வந்துடுச்சு!"

அன்றிலிருந்து அவர்கள் ஒரே வகுப்பு. பேத்தியோடு உட்கார்ந்து படிக்க அவன் கூச்சப்படவே இல்லை. 'ட' வராத நாளில், "நாளைக்கு வரும்போது சொல்லிக்கினு வரணும்" என்று அவள் விரலை ஆட்டினாள். அவன் நிஜமாகவே தலையைக் குனிந்துகொண்டான்.

ட, ப, ம என்று சேர்த்துப் படம், மடம், பட்டம் வரை வந்துவிட்டார்கள். எனக்குக் கை அரித்தது. கவிதா சொற்களை எழுதிவைத்திருந்த அட்டைகளில் ஒன்றைப் பாயிலிருந்தபடியே எடுத்தேன்.

"இது தெரியாதா? எருமை."

"தப்பு!" என்று பிள்ளை கத்தியது. "ப, ட, ம். படம்!"

"எருமைதாம்மா. கொம்பு தெரியுது பாரு."

"தப்பு தாத்தா, தப்பு!"

"மாமா, கொழந்தைக்குத் தப்புத் தப்பா சொல்லி பேஜாரு பண்ணாதீங்க" என்றாள் கவிதா.

"நான் படிச்ச அஞ்சாங்கிளாஸ்ல இதுக்கு எருமைன்னுதான் பேரு."

கோபித்துக்கொண்டாலும் அவளும் ஒன்றைக் கவனித்தாள். நான் சரியாகப் படித்தால் பிள்ளை கொட்டாவி விடும். தப்பாகப் படித்தால் எழுத்தெழுத்தாகப் பிரித்துக்கொண்டு அடிக்க வரும். ஏழுமலைக்கோ மூக்கு விடைக்கும். இடது கையால் நாற்காலியைத் தட்டுவான். பொறுக்க முடியாமல் "ப... ட... ம்" என்று எப்படியாவது தள்ளிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்காகவே அட்டைக்கு அட்டை பொய் சொன்னேன்.

ஆனால் கவிதா 'க' பக்கம் போகவே இல்லை. மதில்மேல் உட்கார்ந்திருந்த பறவையைக் காட்டி, "காக்காவுக்கு எந்த எழுத்தும்மா?" என்று பிள்ளை கேட்டபோது, "அது அப்புறம்" என்றாள். துவைக்கும் கல்லருகே வைத்து எனக்கு மட்டும் காரணம் சொன்னாள்.

"அத சொல்லிக் குடுத்தா அப்பா மொதல்ல என் பேரத்தான் சொல்லிப் பாப்பாரு மாமா. வராது. அந்த நேரத்துல அவரு மூஞ்சிய நான் எப்பிடிப் பாப்பேன்?" துணியைப் பிழிந்து உதறிவிட்டு, "ஒரே ஒரு தடவ பழயபடி கவின்னு கூப்புட்டா போதும். வேற எதுவும் பேசவே வேணாம்" என்றாள்.

மறுநாள் மதிலைப் பார்த்து நான் ஆரம்பித்தேன்.

"அடடே, மயிலு வந்திருக்குது பாரும்மா. மயிலம் முருகன் கோயில்லேர்ந்து நேரா பறந்து வருது போல."

"தப்பு! அது காக்கா!"

"மயிலுதாம்மா. வெயில்ல வந்து கருத்துப்போச்சு."

ஏழுமலையின் கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டையில் சிக்கிய எதையோ வெளியே தள்ளுவதுபோல, "கா... காக்கா!" என்றான். அதோடு விட்டானா? "கண்ணு... இல்ல?" என்று என்னைக் கேட்டான்.

அடுப்படியிலிருந்து கவிதா கேப்பை மாவு படிந்த கையோடு ஓடிவந்தாள். "அப்பா, இப்ப இன்னா சொன்ன?"

அவன் அவளைப் பார்த்தான். வாய் திறந்தது, தொண்டை ஏறி இறங்கியது. கடைசியில் வந்தது "ரைட்"தான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "வேணாம்பா, இப்ப வேணாம்" என்று மாவுக் கையாலேயே அவன் தலையைத் தடவினாள். அதன்பின் பாடத்தில் க வந்துவிட்டது. காய், கடை, கல் எல்லாம் தட்டுத்தடுமாறி வந்தன. அந்த ஒரு பெயர் மட்டும், அவள் எதிரே நிற்கும்போதெல்லாம், உள்ளேயே நின்றுவிடும்.

ஐப்பசி மாதத்து மதியம். கவிதா காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பிள்ளை தரையில் அட்டைகளைப் பரப்பிக்கொண்டிருந்தது. நான் வாசற்படியில் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மண் வாசனை முதலில் வந்தது, பிறகு காற்று. கொடியில் துணிகள் ஆள் நிற்பதுபோல எழுந்து ஆடின. முதல் துளி விழுந்தபோது ஏழுமலை ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தான். அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினான். நோயே வராத மனிதன்போல, அவள் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டு, மகளைக் கூப்பிட்டான்.

"கவி... மழ."

கனவு என்றுதான் நினைத்தேன். ஆனால் பிள்ளை கையிலிருந்த அட்டையைப் போட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

நனைந்துகொண்டு திரும்பிய கவிதாவிடம், பையை வாங்குவதற்கு முன்பே சொன்னேன். "உங்கப்பன் உன்னப் பேரு சொல்லிக் கூப்புட்டான்மா. கவி, மழைன்னான்."

"எதுல வேணா வெளையாடுங்க மாமா. இதுல வேணாம்."

"சத்தியமாம்மா."

"காக்காவ மயிலுன்னு சத்தியம் பண்ணவருதான நீங்க."

"ஆமாம்மா, தாத்தா கூப்புட்டாரு" என்றாள் இனியா.

"நீ திண்டிவனம் தாத்தா கட்சி."

ஏழுமலை முயன்றான். உதடு நடுங்கியது, கண்ணில் நீர் கட்டியது. "ரைட்" என்றான். கவிதா தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் கொடியில் நனைந்துகொண்டிருந்த துணிகளை எடுக்கப் போனேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவன் தூக்கத்திலேயே போய்விட்டான். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் கண்டக்டர்களும் டிரைவர்களும் வந்து நின்றார்கள். எந்த ஊர்க் கிழவியோ, "எங்க போர்டு போயிடுச்சே" என்று அழுதாள்.

பால் தெளித்துவிட்டு வந்த மறுநாள் மதியம். பாட நேரம்தான். கவிதா அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலேயே கேட்டாள்.

"மாமா, அன்னிக்கு மழை வந்தப்ப... அப்பா எப்பிடிக் கூப்புட்டாரு?"

நிஜமா என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டேன். என்னால் முடிந்தவரை அவனைப்போலவே, "கவி, மழ" என்றேன்.

"தப்பு!" என்றது பிள்ளை.

இந்த முறை நான் விளையாடவில்லை.

"அப்பிடி இல்ல தாத்தா. நீ கத்துற." இனியா எழுந்துவந்து அவன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினாள். வாயின் இடதுபக்கத்தால், அவசரமில்லாமல், கடைசியைக் கொஞ்சம் இழுத்து, "கவீ..." என்றாள். ஒரு மூச்சு விட்டு, "மழ."

அப்பன் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடும் இழுப்பு அது. பிள்ளையாக இட்டுக்கட்ட முடியாது. கவிதா மடித்த சட்டையை மடியில் வைத்தபடி அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோ வர்றேம்பா" என்றாள்.

கூப்பிட்டதற்குப் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் எனக்கு வேலை இல்லை. நான் அவனிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது, சொல் வருவதற்கு முன்னால் அந்த வாய் தயாராகுமே, அந்தக் கொஞ்ச நேரம். மதியத் தூக்கத்தில் அது இப்போதும் வருகிறது. உதடு கூடுகிறது, மூக்கு விடைக்கிறது, தொண்டை ஏறி இறங்குகிறது. என்னைத் திட்டத்தான் இருக்கும். குறுக்கே பேசாமல் படுத்திருக்கிறேன்.